பின்பக்கம் பார்க்கவும்

தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் நான்கு மேசை போடுவார்கள்.
தரையில் எண்ணெய்க் கறை. அதன்மேல் என் நாற்காலி.
பதினான்கு நவம்பர்களாக அதே கறை.

ஒற்றைப்படை ஆண்டென்றால்
கையில் பின்னல் ஊசி இருக்கும்.
ஒருமுறை ஒரு காலுறையை முழுதாகவும்
இன்னொன்றைக் குதிகால் வரையிலும் முடித்தேன்.
காலை ஏழுக்கு ஆல்வின் ஹ்ராப்கோ வருவார்,
"கூட்டம் அதிகமோ?" என்பார்.
அவருக்குப் பின்னால் கதவுதான் நிற்கும்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமையில்
நாலாயிரத்துச் சொச்சம் பெயருள்ள பட்டியலிலிருந்து
முந்நூற்றுப் பதினோரு பேர் வந்து
பள்ளிக் குழுவைத் தேர்ந்தார்கள்.
ரோண்டா ஸ்டுப்கா மூன்று ஓட்டில் தோற்றாள்.
மூன்று.
ஒரு காரின் பின்சீட்டில் அடங்குகிற ஆட்கள்.
ஜனவரியில் குழு கூடி
அக்கரைக்குப் போகும் பள்ளிப் பேருந்தை நிறுத்தியது.

அக்கரை என்றால் இறைச்சி ஆலை, டிரெய்லர் வீடுகள்.
யெசேனியா ஒர்தூன்யோ இரவு ஷிஃப்ட் முடித்து
ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
இரண்டு பையன்களையும் பாலத்தில் நடத்திவந்தாள்,
பிப்ரவரி முழுக்க.
பாலத்தில் நடைபாதை கிடையாது.
மளிகைக் கடையில் என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"தேர்தல் எப்போது நடந்தது?"
குத்தல் இல்லை அதில்,
கடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பதுபோல்தான் கேட்டாள்.
நான் முட்டை அட்டையைத் திறந்து
ஒவ்வொரு முட்டையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்தது அந்தத் தீர்மானம்:
இனி இரட்டைப்படை ஆண்டில், நாட்டின் தேர்தலோடு சேர்த்து.
எதிர்த்தவர்கள் சொன்னதும் பொய்யில்லை.
ஆல்வின் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தார்.
"நாப்பது வருஷமா வந்திருக்கேன்.
யாருக்குப் போடுறேன்னு தெரிஞ்சு போட்டேன்.
ஜனாதிபதியைப் பார்க்க வர்றவங்களுக்கு
கழிவுநீர் வாரியத்துல யாரு என்னன்னு..."
முடிக்கவில்லை.
சன்னல் பக்கம், பாலம் தெரிகிற பக்கம் பார்த்தார்.
உட்கார்ந்துவிட்டார்.

நாட்காட்டி ஒத்துப்போக வேண்டுமே,
அதற்காக இருக்கிற குழுவுக்கே ஓராண்டு கூடுதல்.
பேருந்தை நிறுத்திய கைகள்
அதற்கும் உயர்ந்தன, இந்த முறை சற்று வேகமாக.
நல்லதும் இப்படித்தான் வரும்போலிருக்கிறது,
கெட்டதற்குக் கூலி கொடுத்துவிட்டு.

இரட்டைப்படை நவம்பர்.
வரிசை வண்டியைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போனது.
ஆல்வின் ஒரு மணி நேரம் நின்றார்.
கூட்டம் அதிகமோ என்று அன்று கேட்கவில்லை.
தாள் முழங்கை நீளம்.
முன்பக்கம் முழுக்க நாடு.
பின்பக்கத்தில் நீதிபதிகள், கழிவுநீர் எல்லாம் கடந்து
கடைசி மடிப்புக்குக் கீழே
எங்கள் பள்ளி.
"பின்பக்கம் பார்க்கவும், பின்பக்கம் பார்க்கவும்."
மதியத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது.
ஊசி பையிலேயே கிடந்தது.
மூட இரண்டு நிமிடம் இருக்கையில்
யெசேனியா வந்தாள், ப்ளீச் வாசனையோடு.

ரோண்டா இம்முறை நிற்கவில்லை.
தலைநகரில் வேலை கிடைத்துப் போயிருந்தாள்.
சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்:
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு தாள்.
எண்ணூற்று நான்கில் பள்ளி வரிசை வெறுமை.
ஆல்வின் சொன்னது எண்ணூற்று நான்கு முறை சரி.
மிச்சத்தை அவரிடம் சொல்ல
இன்னும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இரவு பதினொன்றேகாலுக்கு
இயந்திரம் ஒரு தாளைத் திரும்பத் திரும்பத் துப்பியது.
முன்பக்கம் ஜனாதிபதி முதல் கடைசி வரை
ஒரு புள்ளிகூட இல்லை.
திருப்பினோம்.
அடியில் ஒரே ஒரு வட்டம் கருத்திருந்தது.
அழுத்திய அழுத்தில் பேனா மறுபக்கம் வந்துவிட்டது.
ஓட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்,
ஓட்டை.
அதன் வழியே கராஜ் விளக்கு என் கண்ணைப் பார்த்தது.

கிழிந்த தாளைப் புதிதாக எழுதலாம், விதி இருக்கிறது.
எதிர்க்கட்சி லெனோர் பக்கத்தில் நின்று பார்த்தாள்.
எந்தப் பெயர் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.
வட்டத்தை நிரப்பினேன்,
என்னால் முடிந்த அளவு மெதுவாக.